ஐப்பசியில் கரைமேல் ஓடியவள்

எங்கள் திருவிடைமருதூர்ப் பக்கத்தில், ஐப்பசி மழையில் ஆற்றுக்கரை மேல் ஒருவர் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கரை எங்கோ உடைத்துக்கொண்டது. யாரும் நின்று கேட்க மாட்டார்கள். மண்வெட்டியும் சாக்குமாகக் கிளம்பிவிடுவார்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான் அதை மறந்துபோய் ஓடினேன்.

ஓடச் சொன்னது சுகாதார நிலையத்து நர்ஸ். எனக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. மாத்திரை போட்டேன், தினமும் நடந்தேன், இறங்கவில்லை. அடுத்த முறையும் இப்படியே இருந்தால் இன்சுலின் ஊசி என்று டாக்டர் சொல்லிவிட்டார். செய்ய முடிந்ததையெல்லாம் செய்து பார்க்காமல் அதற்கு ஒத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

"மோர் வாங்கப் போற மாதிரி நடந்தா பத்தாதுக்கா," என்றார் நர்ஸ். "பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்க கொஞ்சம் ஓடுங்க. அப்புறம் மெதுவா நடங்க. மூச்சு அடங்குனதும் திரும்ப ஓடுங்க. கொஞ்ச நேரம் செஞ்சாலே போதும்."

டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

கரைச் சாலையில் ஒரு கரண்ட் கம்பத்திலிருந்து அடுத்தது வரை ஓடுவேன். அதற்கடுத்தது வரை நடப்பேன். எதிரே ஆள் வந்தால் கூச்சத்தில் சும்மா நடப்பதுபோல் பாவனை செய்வேன். முதலில் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. போகப்போக, களையெடுத்துவிட்டு நின்று நின்று கரையேறுகிறவள் ஒரே மூச்சில் ஏறினேன். மத்தியானத்தில் கண்ணை இழுக்கும் அசதி போயே போய்விட்டது.

நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு விடியற்காலை. நான் ஓடுவதும், நிற்பதும், குனிந்து மூச்சு வாங்குவதும், மறுபடி ஓடுவதுமாக இருந்ததைப் பக்கத்து வயல்காரர் பார்த்திருக்கிறார். கரையில் கசிவு பார்க்கிறேன் என்று நினைத்துத் தெருவையே எழுப்பிவிட்டார். நான் திரும்பி வரும்போது எதிரே ஒரு கூட்டம்.

"எங்க தங்கச்சி உடைப்பு? மதகுகிட்டயா?"

எனக்குப் பேச மூச்சில்லை. இல்லை என்று கையை ஆட்டினேன். அந்தப் பக்கம் என்று எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினார்கள். ஒன்றுமில்லாமல் சேறும் சகதியுமாகத் திரும்பி வந்தார்கள்.

"உடம்புக்காக ஓடுனேண்ணே," என்றேன்.

"பேரன் எடுக்குற வயசுல போலீஸ்ல சேரப் போறியா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

வயல்காரர் சிரிக்கவில்லை. "நாளைக்கு நெஜமாவே கரை ஒடஞ்சு ஒருத்தன் ஓடியாந்தா, நீதான்னு நெனச்சுப் படுத்திருப்போம். பயிரு பூரா முழுகிடும். மழை முடியட்டும், தையில ஓடு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எப்போதும்போல் தலையைக் குனிந்துகொண்டு போயிருக்கலாம்.

"சர்க்கரை தை வரைக்கும் காத்திருக்குமாண்ணே?"

"அப்ப வீட்டுக்குள்ள ஓடு."

"எங்க வீட்ல ரெண்டு எட்டு வச்சா செவுரு. நான் இங்கதான் ஓடுவேன். உடைப்புன்னா கத்துவேன். கத்தாம ஓடுனா எனக்காக ஓடுறேன்னு வச்சுக்குங்க."

"நீயா? கடையில உப்பு கேட்டாலே ரெண்டாந்தடவ கேக்க வேண்டியிருக்கு. நீ எங்கேருந்து கத்துவ?"

ஆற்றைப் பார்த்துத் திரும்பி, அடிவயிற்றிலிருந்து ஒரு கத்துக் கத்தினேன். எதிர்க்கரையில் மாடு கட்டிக்கொண்டிருந்தவர் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல! ஓடிக்கிட்டிருக்கேன்!" என்று அவருக்கும் கத்தினேன்.

"கேக்குது தாயே, கேக்குது," என்று வயல்காரர் காதைத் தேய்த்துக்கொண்டார்.

பாதையை மறித்து நின்றவர்கள் ஒதுங்கினார்கள். எனக்கு இன்னும் சில கம்பங்கள் பாக்கி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க ஓடினேன். அந்த மழைக்காலம் முழுவதும் ஓடினேன். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. இறங்காமல் போயிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன்.