மில்லுக்குப் பூட்டுப் போட்டவன்

பத்து மணிக்கு வருகிறேன் என்று சொன்ன எலக்ட்ரீசியன் பத்து மணிக்கே வந்து நின்றால் மன்னார்குடியில் பதறிவிடுகிறார்கள். ஒரு வீட்டில் அந்த அம்மா கதவைத் திறந்ததும், "வர முடியலன்னு சொல்லிட்டுப் போக வந்தீங்களா?" என்று கேட்டார். சிங்கப்பூரில் பல வருடம் வயர் இழுத்துவிட்டு வந்திருக்கும் எனக்கு இந்தப் புதிய நாட்டின் பழக்கவழக்கங்கள் பிடிபட இன்னும் கொஞ்ச நாள் ஆகும். நான் பிறந்தது இங்கேதான் என்பது வேறு விஷயம். ஊருக்குப் போய்ச் சொந்தமாகக் கான்ட்ராக்ட் எடுக்கலாம் என்று டார்மிட்டரிக் கட்டிலில் படுத்துக் கனவு காணும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொழிலில் எனக்குக் கூட்டு என் மனைவியின் தம்பி குமரேசன். இந்த வட்டாரத்தில் வெகுநாளாக வயரிங் செய்கிறவன். இருவருமாகச் சாமான் வாங்கக் கடைவீதிக்குப் போனோம். இன்சுலேஷன் போட்ட ஸ்க்ரூடிரைவர், வயர் உரிக்கும் ஸ்ட்ரிப்பர், மீட்டர், ரப்பர் கையுறை என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவனுக்கோ எல்லாம் உடம்பிலேயே அமைந்திருந்தன. ஸ்ட்ரிப்பருக்குப் பல், மீட்டருக்குப் புறங்கை. சட்டைப்பையில் ஒரு டெஸ்டர் உண்டு. கரண்ட் பார்க்கவும் காது குடையவும் அது ஒன்றே போதும். அவன் கேட்டது பெரிய டிரில்லிங் மிஷின் மட்டும்தான். "சத்தம் கேட்டாத்தான் மாமா வேலை நடக்குதுன்னு நம்புவாங்க" என்றான். இதைவிடச் சுருக்கமாக வியாபாரத்தை யாரும் விளக்கிவிட முடியாது. வாங்கினோம்.

கடைசியாக, மெயின் ஸ்விட்சை அணைத்தபின் அதில் போடுவதற்கு ஒரு பூட்டு கேட்டேன். கடைக்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அந்த ஊர்ல கரண்டையுமா திருடுறாங்க?" என்றார். ஆள் உள்ளே வேலை செய்யும்போது வேறு யாரும் ஸ்விட்சைப் போட்டுவிடக் கூடாதே என்றேன். ஒரு சத்தம் கொடுத்தால் போட மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே ஒரு பித்தளைப் பூட்டை எடுத்து வைத்தார். அவரைக் கேலி செய்யும் யோக்கியதை எனக்கு இல்லை. சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சீன சூப்பர்வைசர் "லாக் ஆல்ரெடி?" என்று கேட்டார். அறைக் கதவைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "யெஸ் சார், கீ வித் மை ஃப்ரெண்ட்" என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. உன் உயிரை இன்னொருவன் பையில் போட்டுவிட்டா கம்பியைத் தொடப் போகிறாய் என்று அவர் திட்டியது, ஒரு மாதம் கழித்துத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, குத்தாலம் பக்கத்தில் ஒரு நெல் அரவை மில்லில் பழைய கேபிளை மாற்றுவது. மெயினை அணைத்தேன், கைப்பிடியில் பூட்டைப் போட்டேன், சாவியைப் பையில் வைத்துக்கொண்டேன். குமரேசன் மோட்டாருக்குப் பின்னால் குந்தி வயரைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தான். ஸ்ட்ரிப்பர் புதுசாம், அழுக்காகிவிடுமாம்.

மில்லில் பூட்டுத் தொங்கினால் நம் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஜப்தி. அரைக்க நெல் கொண்டுவந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு டீக்கடையில் போய்ச் சொல்ல, கொஞ்ச நேரத்தில் துக்கம் கேட்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருவர் மில்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, மனசைத் தளர விடாதீங்க என்று தேற்றினார். மில்காரருக்கு மானம் போய்விட்டது. மில் ஓடுகிறது என்று ஊருக்குக் காட்ட, விறுவிறுவென்று உள்ளே போய் மெயின் கைப்பிடியைப் பிடித்து மேலே தள்ளினார்.

நான் வாசலில் கேபிள் அளந்துகொண்டிருந்தேன். கேபிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். கைப்பிடி பூட்டில் இடித்து நின்றது. அவர் மறுபடியும் தள்ளினார். இரும்பு இடிக்கும் அந்தச் சத்தம் மோட்டாருக்குப் பின்னால் இருந்தவனுக்கும் கேட்டது.

குமரேசன் எழுந்து வந்தான். உதட்டில் வயரின் சிவப்புத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. "என் மில்லுல பூட்டுப் போட நீ யாருய்யா?" என்று மில்காரர் என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"அவரு பூட்டலன்னா நான் இப்ப பொணங்க" என்றான் குமரேசன், மெதுவாக.

மில்காரர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். அப்புறம் வெளியே போய் நெல் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். பூட்டே இல்லையென்றால் கூட்டமும் வந்திருக்காது, அவர் ஸ்விட்சையும் தொட்டிருக்க மாட்டார் என்று வாதாடலாம். குமரேசன் வாதாடவில்லை. வேலை முடிந்ததும் மில்காரர் மரியாதையாகவே, இனிமேல் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார். ஊருக்குள் பேர் கெட்டுவிட்டதாம். திரும்பும் வழியில் கடைவீதி வந்ததும் குமரேசன் வண்டியை நிறுத்தச் சொன்னான். இறங்கிப் போய்த் தனக்கென்று ஒரு பூட்டு வாங்கிக்கொண்டு வந்தான்.

அடுத்த வாரம், நாங்கள் புதிதாகப் பிடித்திருந்த கடைக்குப் போர்டு எழுத ஆள் வந்தார். சிங்கப்பூரில் என் பெயர் யார் வாயிலும் நுழையாததால் கடைசிவரை நான் அங்கே வெறும் 'மன்னார்குடி'தான். இங்கேயாவது பெயரோடு இருப்போமே என்று, குமரேசன் பெயரையும் என் பெயரையும் எழுதச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது 'சிங்கப்பூரார் எலக்ட்ரிக்கல்ஸ், மன்னார்குடி' என்று எழுதி முடித்திருந்தார். "அப்படிச் சொன்னாத்தாங்க ஆளு தெரியும்" என்றார். ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து படித்தேன். இரண்டு ஊரின் பெயரும் எழுத்துப் பிழையில்லாமல் இருந்தன. என் பெயரைத்தான் காணவில்லை.