நான் சொன்ன இங்கிலீஷ்

சடையனின் தொழிலைப் பட்டாளத்து ஏட்டில் பொய்யாக எழுத வைத்தவன் நான். அதைத் திருத்த ஒரு வழி வந்தபோது அந்த வழியை அடைத்தவனும் நான்தான்.

இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. சடையனே கேட்கவில்லை. முன்பின் அறியாத உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றால்... சொல்லாமல் இருந்து பார்த்துவிட்டேன், முடியவில்லை. அவ்வளவுதான்.

சோழவந்தானில் எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. சடையன் எங்கள் வண்டிக்காரன். மதுரை மண்டிக்கு வெற்றிலைக் கட்டு ஏற்றிப் போகிறவன். அந்த மண்டிக்கு வந்து போகும் லாரியின் டிரைவரை எப்படியோ சிநேகம் பிடித்து, சரக்கு இறக்கும் நேரங்களில் லாரி ஓட்டப் பழகிக்கொண்டான். இரண்டு வருஷத்தில், அந்த டிரைவர் இவனை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் தூங்கும் அளவுக்குத் தேறிவிட்டான். எட்டாவது வரை படித்த எனக்கோ மாட்டு வண்டிகூட நேராகப் போகாது.

யுத்தம் வந்தது. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பட்டாளத்தில் சேரக் கிளம்பினேன். "சின்னையா, நானும் வாரேன்" என்று அவனும் கூடவே கிளம்பினான். அவனுக்கு லாரி ஓட்ட வேண்டும். எனக்கு அப்பாவை அழ வைக்க வேண்டும்.

ஆள் எடுக்கும் இடத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரையும் ஒரு வடக்கத்திக் குமாஸ்தாவும் இருந்தார்கள். இருவருக்கும் தமிழ் தெரியாது. என்னை ஸ்டோர் குமாஸ்தாவாகப் பதிந்தார்கள். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வருகிறது என்று கண்டதும், அடுத்து நின்ற சடையனுக்கு என்னையே பேசச் சொன்னார்கள். அவனுக்கு என்ன தொழில் தெரியும் என்று கேட்கச் சொன்னார் துரை.

கேட்டேன்.

"லாரி ஓட்டுவேன்னு சொல்லுங்க சின்னையா. மலைப்பாதைன்னாலும் ஓட்டுவேன்னு சொல்லுங்க."

நான் துரையின் பக்கம் திரும்பினேன். இவன் பெருக்குகிறவன், கக்கூஸ் கழுவுகிறவன், வேறு தொழில் தெரியாது என்று இங்கிலீஷில் சொன்னேன். குமாஸ்தா எழுதிக்கொண்டான்.

நாக்கு தடுமாறிவிட்டதா? இல்லை. இங்கிலீஷ் போதவில்லையா? டிரைவர் என்ற சொல்லா எனக்குத் தெரியாது! எங்கள் ஊர்க் கைக்குழந்தைக்கும் அது தெரியும்.

பிறகு ஏன்...

எங்களுக்கு முன்னால் பதிந்த டிரைவர்களையும் குமாஸ்தாக்களையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துச் சோறு போட்டதை அப்போதுதான் பார்த்திருந்தேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்று, இரண்டு கைகளையும் குவித்துக் கஞ்சி வாங்கிக் குடிக்கிறவன்... என் தோளோடு தோளாக உட்கார்ந்து சாப்பிடுவதா? அதை என்னால் நினைக்க முடியவில்லை. இதுதான் காரணம். இதைவிடக் கௌரவமான காரணம் ஒன்றை நானும் வருஷக்கணக்காகத் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

சடையன் கையில் துடைப்பத்தைக் கொடுத்தபோது அவன் என்னிடம்தான் வந்து சொன்னான். "அந்த வடக்கத்தியான் தப்பா எழுதிட்டான் போல சின்னையா."

"அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அஸ்ஸாம் பக்கம் போனோம். ஒரு வருஷம் பெருக்கினான். பிறகு மலேரியாவில் டிரைவர்கள் வரிசையாகப் படுத்துவிட, சரக்கு ஏற்றிய லாரி ஒன்று ஓட்ட ஆளில்லாமல் நின்றது. சடையன் ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அதன் பின் யுத்தம் முடியும்வரை, அந்தச் சேற்று மலைப்பாதையில் அவன் டிரைவர்தான். ஏட்டைத் திருத்த அங்கே யாருக்கு நேரம்? ஏட்டில் அவன் பெருக்கிக்கொண்டேதான் இருந்தான்.

ஸ்டோர் சாமான்களோடு பல தடவை அவன் லாரியில் போயிருக்கிறேன். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாதாளம். அவன் பாட்டுக்கு வெற்றிலையில்லாத வாயால் எதையோ மென்றுகொண்டு ஓட்டுவான். வழியில் நிறுத்தி, ஒரே தகரத் தட்டில் இருவரும் சாப்பிட்டோம். ஆம், சாப்பிட்டேன். ஒன்றும் ஆகவில்லை எனக்கு. அங்கே வைத்துத்தான் என்னை "அண்ணே" என்று கூப்பிட ஆரம்பித்தான்.

மதுரை ஸ்டேஷனில் இறங்கியதும் மறுபடி "சின்னையா" ஆனேன். அண்ணே என்றே கூப்பிடு என்று நான் சொல்லவில்லை.

ஊர் திரும்பிய சில மாதத்தில், பட்டாளத்தில் லாரி ஓட்டியவர்களைத் திருமங்கலத்தில் ஒரு பஸ் முதலாளி வேலைக்கு எடுப்பதாகப் பேச்சு வந்தது. சடையன் ஓடினான். முதலாளி, பட்டாளத்தில் கொடுத்தனுப்பிய அவனுடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பெருக்குறவனை நம்பி பஸ்ஸை எவன்யா குடுப்பான்? இதைத் திருத்திட்டு வா, பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்.

நேராக என்னிடம் வந்தான். "சின்னையா, அன்னைக்கு நீங்கதான் பக்கத்துல இருந்தீக. நான் என்ன சொன்னேன்னு உங்களுக்குத்தான் தெரியும். பட்டாளத்து ஆபீசுக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க."

எழுதினேன். அருமையாக எழுதினேன்! குமாஸ்தாவின் தவறு என்று எழுதினேன்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. அதைத் துண்டில் பொதிந்து எடுத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றான். முதலாளி அதுவரை ஒரு பஸ்ஸுக்கு ஆள் போடாமல் வைத்திருக்கிறார் என்று சொன்னான். நான் கடிதத்தைப் பிரித்தேன். அப்பா பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அந்த இங்கிலீஷ் கடிதத்தில் இருந்தது இதுதான். இந்தத் தொழிலை ஒரு மொழிபெயர்ப்பாளர் வழியாக இவரே சொன்னதாக ஏட்டில் குறிப்பு இருக்கிறது. தான் மாற்றிச் சொல்லிவிட்டதாக அந்த மொழிபெயர்ப்பாளர் மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால், உடனே டிரைவர் என்று திருத்தித் தருகிறோம்.

இரண்டு முறை வாசித்தேன். மாஜிஸ்திரேட் கச்சேரியில் நின்று அதைச் சொல்ல வேண்டும். ஊர் முழுக்கத் தெரியும். ஊர் கிடக்கட்டும்... இவனுக்குத் தெரியும். மலைப்பாதையில் என் உயிரைக் கையில் வைத்து ஓட்டியவன், அன்று நான் திரும்பி நின்று என்ன பேசினேன் என்று தெரிந்துகொள்வான்.

"என்ன சின்னையா போட்டிருக்கான்?"

"முடியாதாம் சடையா."

"முடியாதுன்னா... எப்பவுமேவா?"

"எப்பவுமேதான்."

கடிதத்தை எட்டிப் பார்த்தான். பிறகு, "எம் பேரு எங்கன இருக்கு?" என்று கேட்டான். காட்டினேன். அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தான். கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டான். "நீங்க இம்புட்டு மெனக்கெட்டதே பெரிசு. வாரேன் சின்னையா."

அந்தப் புத்தகம் அவனுக்கு ஒரு வேலை வாங்கித் தராமல் இல்லை. பட்டாளத்து ஆள், அதிலும் ஏட்டிலேயே எழுதியிருக்கிறது என்று, மதுரையில் தெருப் பெருக்கும் வேலைக்கு அவனை முதல் ஆளாக எடுத்துக்கொண்டார்கள். பஸ்கள் வந்து நிற்கும் இடம் அவன் பொறுப்பு.

போன மாதம் மதுரையில் திருமங்கலம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் பாரவண்டிகள் அடைத்து நின்றன. டிரைவர் புதிய ஆள், பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்கத் தெரியாமல் திணறினான். துடைப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு சடையன் வந்தான். "ஒடிச்சு வா... இன்னும் ஒடி... போதும், நேராக்கு" என்று கையைக் காட்டினான். டிரைவர் சொன்னபடி கேட்டான். பஸ் ஒரு வண்டியிலும் உரசாமல் வெளியே வந்தது.

ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டான். முகமெல்லாம் சிரிப்பு.

"சொகமா இருக்கீகளா சின்னையா? எம் மக பள்ளிக்கூடம் போறா. இங்கிலீஷ் எழுத்துக் கூட்டுறா இப்ப. அந்தக் கடுதாசியைப் பத்திரமா வச்சிருக்கேன். இன்னும் ரெண்டு வருசம் போனா அவளை வாசிக்கச் சொல்லணும். அப்பன் பேரைப் போட்டுச் சர்க்கார் எழுதுனதுல்ல, அவ வாசிச்சுக் கேக்கணும்."

"ம்..." என்றேன்.

அவன் பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினான். பஸ் கிளம்பிவிட்டது.

அந்தக் கடிதத்தில் கெடு எதுவும் போட்டிருக்கவில்லை. அதுவும் எனக்குத் தெரியும். அவன் பெருக்கும் இடத்திலிருந்து மாஜிஸ்திரேட் கச்சேரி நடந்து போகிற தூரம்தான். நேற்றும் அந்த வழியாகப் போனேன். கச்சேரி திறந்திருந்தது. மண்டியில் வேலை இருந்தது. அதை முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டேன்.