செத்துவிட்டதாக நினைத்த நீல மீன்

ஈப்போவில் எங்கள் வீட்டு வரவேற்பறையில், சுவர் நீளத்துக்கு ஒரு கடல்மீன் தொட்டி இருக்கிறது. என் கணவர் நெடுநாள் ஆசைப்பட்டு, நீலநிற சர்ஜன் மீன் ஒன்றை வாங்கி அதில் விட்டார். மறுநாள் காலையில் அது பாறையிடுக்கில் அசையாமல் ஒருக்களித்துக் கிடந்தது.

"ஏங்க, மீனு செத்துப்போச்சுலா!" என்று கத்திக்கொண்டே, எடுத்துப் பார்க்கக் கையை விட்டேன். அது சட்டென்று வாலைச் சுழற்றியது. உள்ளங்கை கிழிந்து, தண்ணீர் சிவந்தது.

ஓடிவந்த கணவர் என் கையில் துணியைச் சுற்றினார். "வால்கிட்ட கத்தி மாதிரி முள்ளு இருக்கு. பயந்தா இப்படித்தான் படுத்துக்கும். நான் நேத்தே உங்கிட்ட சொல்லியிருக்கணும்லா," என்றார்.

கிளினிக்கில் தையல் போட்டுக்கொண்டு திரும்பினால், அது மஞ்சள் வாலை ஆட்டியபடி தொட்டியை வட்டமடித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கோபமே வரவில்லை. என் கையளவுகூட இல்லாத உயிர், தன்னைக் காத்துக்கொள்ள என்னவெல்லாம் தெரிந்து வைத்திருக்கிறது!

இப்போதெல்லாம் அது ஒருக்களித்துக் கிடந்தால், விளக்கை அணைத்துவிட்டு, பயம் தெளிந்து தானாக எழுந்து வரும்வரை காத்திருக்கிறேன்.