லைவில் ஒரு அங்கிள்

அன்று ஸ்டுடியோவில் இருந்தவர்கள்: எங்கள் டவுன் பள்ளி போர்டு தேர்தலில் நின்றவர்களில் இரண்டு வேட்பாளர்கள், புரொட்யூசர் ஹெண்ட்ரிக், கேமராவுக்கு ஷீலா, கேள்வி கேட்க நான். இல்லாதவர், சேனல் முதலாளி யாஸ்மின் அக்கா. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு டெக்சாஸில் காப்பெல் போயிருந்தார். கிளம்பும்போது சொன்னார்:

"இர்ஃபான், இத ஒழுங்கா பண்ணிட்டா பாலிடிக்ஸ் டெஸ்க் உனக்கு. சொதப்புன, திரும்ப வீக்கெண்ட் கிரிக்கெட்தான்."

நியூ ஜெர்சியின் ஐசலினில் ஒரு புடவைக் கடைக்கு மேலே எங்கள் இன்டர்நெட் சேனல். கீழே தள்ளுபடி போட்டால் மேலே மைக்கில் கேட்கும். அங்கே நான் உள்ளூர் லீக் மேட்சுகளுக்குத் தமிழில் கமென்டரி சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஹெண்ட்ரிக் நெதர்லாந்துக்காரர். அங்கே டிவியில் குளிர்காலம் முழுக்க ஐஸ் ஸ்கேட்டிங், மற்ற நாளில் பார்லிமென்ட் என்று இருபது வருஷம் ஓட்டியவர். மனைவிக்கு பிளெய்ன்ஸ்பரோ பக்கம் பார்மா கம்பெனியில் வேலை கிடைத்ததால் நியூ ஜெர்சிக்கு வந்து, எங்களிடம் மாட்டிக்கொண்டார். அவருக்கு மந்திரியும் கோல்கீப்பரும் ஒன்று. "அந்தப் பந்தை ஏன் விட்டீங்க?" என்று இரண்டு பேரிடமும் ஒரே குரலில் கேட்பாராம். பெயர் சொல்லிக் கூப்பிடு என்று அவர் எவ்வளவோ சொல்லியும் எனக்கு நாக்கு வரவில்லை. முதலில் சார், அப்புறம் அங்கிள். அவர் பேசுவது இங்கிலீஷ்தான். என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.

வேட்பாளர்களில் ஒருவர் டெப்ரா, முன்னாள் லைப்ரரியன், ஏற்கெனவே போர்டில் இருப்பவர். மற்றவர் சுந்தரம், திருச்சிக்காரர், ரிட்டயர்டு எஞ்சினியர். எல்லா பொங்கல் விழாவிலும் முதல் வரிசையில் இருப்பார்.

லைவ் ஆரம்பித்தது. டிபேட் இங்கிலீஷில். டெப்ராவிடம், லைப்ரரி பட்ஜெட்டைக் குறைக்க ஏன் ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்டேன். பதில் வந்ததும் மடக்கினேன். மறுபடியும் மடக்கினேன். எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது. பிறகு சுந்தரம் பக்கம் திரும்பி, "அங்கிள், இந்த வயசுலயும் உங்களுக்கு எப்படி இவ்வளவு எனர்ஜி?" என்றேன்.

டெப்ரா கையை உயர்த்தினார். "ஒரு நிமிஷம். இவர் உங்க அங்கிளா?"

"ஆமா... இல்ல. அதாவது..."

"சொந்தக்காரரை வச்சு டிபேட் நடத்துறீங்களா? முதல்லயே சொல்லியிருந்தா நான் வந்தே இருக்க மாட்டேன்."

அவர் காலர் மைக்கைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். "பிரேக்!" என்று இயர்பீஸில் ஹெண்ட்ரிக் கத்தினார். ஷீலா விளம்பரத்தை ஓடவிட்டாள். ஓடியது சுந்தரம் அங்கிளின் மச்சானுடைய ரெஸ்டாரன்ட் விளம்பரம். திரை முழுக்க நெய் ரோஸ்ட்.

ஹெண்ட்ரிக் உள்ளே வந்து டெப்ராவிடம் சொன்னார்: "இவன் எல்லாரையும் அங்கிள்னுதான் கூப்பிடுவான். என்னையும்தான். கீழ பார்க்கிங்ல ஃபைன் டிக்கெட் எழுதுறவரையும்."

"டிக்கெட் எழுதுறவரையுமா?"

"அப்படியும் எழுதிட்டார்" என்றேன். டெப்ரா சிரித்தார். மைக் திரும்பக் காலருக்குப் போனது.

"அப்ப நான் யாரு?"

"நீங்க ஆன்ட்டி."

"சரி, அப்படியே கூப்பிடுங்க. ரெண்டு பேருக்கும் சமம்."

சுந்தரம் அங்கிள் மெல்லக் குனிந்து, "தம்பி, வேணும்னா என்னை மிஸ்டர்னே சொல்லிடுப்பா. ஒரு மணி நேரம்தானே" என்றார்.

பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். ஹெண்ட்ரிக் என்னைக் கதவோரம் இழுத்தார்.

"கூப்பிடுறது உன் இஷ்டம். கேள்வியப் பாரு. அவங்ககிட்ட பட்ஜெட். இவர்கிட்ட எனர்ஜி. இது டிபேட்டா, பர்த்டே பார்ட்டியா?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்த பெரியவர் எதிரே வந்தால் வாப்பா தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொள்வார். என்னிடம் துண்டு இல்லை. அதற்குப் பதில் கேள்வியை இறக்கி வைத்திருக்கிறேன்.

சுந்தரம் அங்கிளிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று ஒரு வாரமாக என்னிடம் இருந்தது. கேட்டால் அந்த நெய் ரோஸ்ட் விளம்பரம் இருக்காது என்பதும் தெரியும். அக்காவுக்கு போன் போட்டேன். பின்னால் நாதஸ்வரம், ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஷீலா விரல்களை மடக்க ஆரம்பித்தாள். மூன்று, இரண்டு, ஒன்று.

"அங்கிள்," வாயில் அப்படித்தான் வந்தது, "போர்டுல உட்காரணும்னு கேக்குறீங்க. போன வருஷம் போர்டு மீட்டிங் எத்தனைக்குப் போனீங்க?"

அவர் தண்ணீர் குடித்தார். என்னைப் பார்த்தார். கீழே கடையில் யாரோ பார்டர் அகலம் போதாது என்று சண்டை போடுவது தெளிவாகக் கேட்டது.

"ரெண்டு" என்றார். கொஞ்சம் யோசித்து, "ரெண்டாவதுல பாதி."

டெப்ரா ஆன்ட்டிதான் முதலில் சிரித்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் இரண்டு பேரும் உண்மையாகவே பேசினார்கள். நான் மணி பார்க்க மறந்து, ஹெண்ட்ரிக் வந்து நிறுத்த வேண்டியிருந்தது.

மற்ற வேட்பாளர்களைத் தள்ளிவிட்டு, இருந்த இரண்டு காலியிடத்திலும் இவர்கள் இரண்டு பேருமே ஜெயித்தார்கள். சுந்தரம் அங்கிள் இப்போது ஒரு மீட்டிங்கைக்கூட விடுவதில்லை. பிரஸ் வரிசையில் என்னைப் பார்த்தால், "எண்ணிக்கோப்பா" என்பார். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது: மரியாதையை வாயில் வைத்துக்கொள்ளுங்கள், கேள்விக்குள் கலக்காதீர்கள்.

மச்சான் மட்டும் சமாதானமாகவில்லை. மறுநாளே விளம்பரத்தை நிறுத்தினார். யாஸ்மின் அக்கா மருதாணிச் சிவப்பு மாறாத கையோடு காப்பெலிலிருந்து வீடியோ காலில் வந்தார். நான் கிரிக்கெட் அட்டவணையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டுதான் பேசினேன்.

"அதைக் கீழ வை. டெஸ்க் உனக்குத்தான்" என்றார். "கேள்வி நல்லா இருந்துச்சுடா. ஆனா ஆயிரத்து இருநூறு டாலர் கேள்வி."