எந்த ரைட்?

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை, மயிலாப்பூரில் எங்கள் அபார்ட்மென்ட் கேட் தூணை ஒரு தண்ணீர் லாரி இடித்துத் தள்ளியது. எங்கள் சந்தில் லாரி எதையாவது இடிப்பது ஒரு செய்தியா? இல்லைதான். ஆனால், இடித்தது லாரி... இடிக்க வைத்தது நான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு நாலு நாள் ஆயிற்று.

டிரைவர் பெயர் ஏழுமலை. ரிவர்ஸ் எடுக்கும் முன் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. இறங்குவார். லாரியை ஒரு சுற்றுச் சுற்றுவார். குனிந்து சக்கரங்களுக்குப் பின்னால் பார்ப்பார். நாய், சைக்கிள், கோலம் போடும் பெண்மணி — எதுவும் இல்லை என்றால்தான் ஏறுவார்.

அன்று குழாயில் தண்ணீர் இல்லை. என் முகத்தில் பாதி ஷேவிங் சோப்பு.

"என்னப்பா இது, லாரிக்குப் பிரதட்சிணமா? நீ ஏறு. பின்னால நின்னு நான் சொல்றேன்."

"இல்ல சார். எங்க மொதலாளியே வந்து நின்னாலும் எறங்கிப் பாக்காம எடுக்கமாட்டேன்."

"அப்போ எனக்குக் கண்ணு தெரியாதுங்கறியா?"

இதற்கு ஒரு மனிதர் என்ன பதில் சொல்வார்? ஏறிவிட்டார்.

லாரி பின்னால் வந்தது. வலது பக்கம் தூணை நெருங்கியது. முப்பத்தொரு வருடம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவன் அல்லவா! "ரைட்! ரைட்!" என்று கத்தினேன். வலது பக்கம் பார் என்று பொருள். லாரி இன்னும் வேகமாக வந்தது. "ரைட்! ரைட்! ரைட்!" என்று அலறினேன். கடைசி ரைட்டுக்குத் தூண் இல்லை.

ஏழுமலை குதித்து இறங்கினார். "இன்னா சார், ரைட்டு ரைட்டுனு கூப்ட்டுக்கினே இருந்தீங்க!"

மத்தியானம் லாரி உரிமையாளர் போன் செய்தார். "சார், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவன் எறங்கிப் பார்த்தானா?"

"இல்லை" என்றேன்.

சுத்தமான உண்மை. அதைவிட மோசமான பொய்யை நான் சொன்னதில்லை. மறுநாள் வேறு டிரைவர் வந்தார். ஏழுமலையை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். பின்னால் நின்று வழி சொல்கிறவருக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை... அதனால்தான் நம் ஊரில் எல்லோருமே வழி சொல்கிறோமோ?

சனிக்கிழமை அபார்ட்மென்ட் சங்கக் கூட்டம். நேரில் பார்த்தவன் என்பதால் நடந்ததை நடித்துக் காட்டச் சொன்னார்கள். பொருளாளர் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தார் — அவர் லாரி. வனஜா மாமி விறைப்பாக நின்றார் — அவர் தூண். நான் நானாகவே நின்றேன். பதற்றத்தில் உண்மை வாயில் வந்துவிட்டது. "ரைட்! ரைட்!"

லாரி நேராகத் தூணின் காலை மிதித்தது.

"ஏன் சார், மோதப் போறச்சே யாராவது ரைட்டுன்னு சொல்லுவாளா?" என்றார் மாமி, காலைத் தேய்த்துக்கொண்டே. "பஸ்ல கண்டக்டர் 'போலாம் ரைட்'டுங்கறது காதுல விழுந்ததே இல்லையா?"

"வலது பக்கம்னு சொன்னேன், மாமி."

"யாரோட வலது? உங்களோடதா, லாரியோடதா?"

ரிவர்ஸில் வரும் லாரிக்கு எது வலது? தூணுக்கு வலது உண்டா? இருபது நிமிடம் விவாதித்தார்கள். ஓட்டெடுப்பு வரை போனது. லாரியின் வலதுக்கு ஐந்து ஓட்டு, என் வலதுக்கு நாலு, தூண் நடுநிலை. ஏழுமலை என்ன ஆனார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அங்கேயே உரிமையாளருக்கு போன் போட்டேன், எல்லோரும் கேட்கும்படி. "அவர் இறங்கிப் பார்க்கத்தான் இருந்தார். தடுத்தது நான். ரைட் சொன்னதும் நான்தான்."

உரிமையாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சார்... நீங்க வாத்தியாரா?"

"ஆமாம்."

"அப்போ சரி" என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை ஏழுமலையே லாரியோடு வந்தார். ஓடிப்போய், "மன்னிச்சிடுங்க, ஏழுமலை" என்றேன்.

"வுடுங்க சார், தப்பு என்னோடதுதான்" என்றார். "பத்தொம்பது வருசமா யார் இன்னா சொன்னாலும் எறங்கிப் பாத்துக்கினுதான் இருந்தேன். அன்னிக்கி ஒரு நாளு, படிச்சவரு சொல்றாரே, கரீட்டா இருக்கும்னு நம்பிட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.