மலைக்குச் சப்பாத்தோடு போனேன்

கொழும்பு ஆபீசில் பதினாறு வருடம் உழைத்துக் களைத்து, மூன்று மாதம் சம்பளமில்லாத லீவு போட்டேன். மனம் தெளிய வேண்டும் என்று எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில் அக்கா வீட்டுக்கு வந்து, தினமும் தோட்டத்துக் கோயிலில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். கண்ணுக்குள் ஈமெயில்தான் ஓடியது. எரிச்சல் தாங்காமல் ஒருநாள் காலையில், கொழுந்து பறிக்கப் போகும் அக்காவோடு மலைக்கு நடந்தேன்.

தேயிலைக்குள் கால் வைத்ததும் அக்கா அதட்டினாள்: "சப்பாத்தக் கழட்டுடா! கும்பிட்டுத்தான் இங்க கைவைப்போம்."

கழற்றினேன். அக்கா முதல் பிடிக் கொழுந்தைக் கிள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, விளைச்சல் பெருகட்டும் என்று "பொலி!" எனக் குரல் கொடுத்தாள். "பொலியோ பொலி!" என்று மலை முழுக்கப் பெண்கள் திருப்பிச் சொன்னார்கள். வெறுங்காலில் ஈரமண் குளிர, எனக்கு உடம்பு சிலிர்த்தது. அத்தனை பேருக்கும் அன்றைய நாளைத் தொடங்கிவைத்தது என் அக்கா!

லீவு முடிந்து போனபோது, என் முகத்துத் தெளிவைப் பார்த்து மேனேஜர் ஆவலாகக் கேட்டார்: "எந்த ஆசிரமத்துல இருந்தீங்க?"

அக்கா ஒரு டீச்சர் என்றுதான் ஆபீசில் அதுவரை சொல்லிவைத்திருந்தேன்.

"எல்கடுவ தோட்டத்துல, சேர்," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "எங்க அக்கா அங்க கொழுந்து பறிக்கிறாங்க."