ஐந்து கட்டைக்கு ஆறு கம்பி

என் இடது கை மோதிர விரல் மடங்காது. பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்கு வழி விடப் போய், செங்கம் சாலையில் ஸ்கூட்டரோடு சாய்ந்ததில் வந்த வினை. மீதி ஒன்பதும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று தினமும் காலையில் சரிபார்த்துக்கொள்கிறேன். சின்ன அறுவை செய்தால் மடங்கும் என்றார் வேலூர் டாக்டர். சின்னது என்றால் யாருக்குச் சின்னது என்று கேட்டேன்; அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். ஆகவே அறுவையைச் செய்துகொள்ளாமல், அதைப் பற்றி வீட்டில் பேசிக்கொண்டு மட்டும் இருந்தேன்.

விரல் போனதில் எனக்கு நேர்ந்த நஷ்டம் கிடார். கல்லூரி நாளில் வாங்கியது. கணக்கு வாத்தியாராக இருந்த காலம் முழுக்க ஞாயிறுதோறும் வாசித்தேன். அக்கம்பக்கத்திலிருந்து வந்த புகார் இரண்டு, பாராட்டு பூஜ்யம். கிடாரில் ஒரு கார்டு பிடிக்க, அதாவது சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்க, மூன்று விரலாவது வளைந்து கம்பிகளை அழுத்த வேண்டும். எனக்கு வளையவில்லை. கிடார் பீரோ மேல் போனது.

எங்கள் மாடி அறையில் ஒரு வெள்ளைக்காரர் குடியிருந்தார். தான் யார் என்று அறிந்துகொள்ளப் பல ஆயிரம் மைல் தாண்டி வந்தவர். அவர் யார் என்பது அவருடைய பாஸ்போர்ட்டிலேயே தெளிவாக இருந்தது. அது போதாது என்றார். மௌனத்தைத் தேடி வந்தவர் கையோடு ஒரு கிடாரும் கொண்டுவந்திருந்தார். கோயில் ஒலிபெருக்கி மௌனத்தைக் கெடுக்கிறது என்று என்னிடம் முறையிட்டுவிட்டு, அந்தக் கோபம் தணிய ஒரு மணி நேரம் கிடார் வாசிப்பார்.

ஒரு நாள் தண்ணீர் மோட்டாரைப் பார்க்க மாடிக்குப் போனேன். அவர் இடது கையில் காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மட்டும் கிடாரைத் தடவினார். ஒரு கம்பியையும் அழுத்தவில்லை. முழு கார்டு கணீரென்று கேட்டது. பரீட்சை எழுதாதவனுக்கு முதல் வகுப்பு கொடுத்தது போல எனக்கு வயிறு எரிந்தது. விசாரித்தேன். வழக்கமான சுருதியிலிருந்து மூன்று கம்பிகளைச் சற்று இறக்கிவிட்டாராம், மூன்றை அப்படியே விட்டுவிட்டாராம். அவர்கள் ஊரில் இதற்குத் திறந்த சுருதி என்று பெயராம். கம்பியை முறுக்கும் சாவியை எப்படித் திருக வேண்டும் என்று காட்டினார். இதிலும் ஒரு தத்துவம் சொன்னார்: முயற்சியை விட்டால் இசை தானே வரும். முயற்சியை விட்டவர்கள் என் வகுப்பில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் வந்ததில்லை.

ஆனாலும் கீழே வந்து கிடாரை இறக்கினேன். துடைத்தேன், மூன்று சாவிகளைத் திருகினேன், கட்டைவிரலால் தடவினேன். சமையலறையில் பாடிக்கொண்டிருந்த என் மனைவி பாட்டை நிறுத்தாமலே வெளியே வந்து பார்த்தாள். கம்பிகளின் ஷட்ஜமும் அவள் குரலின் ஷட்ஜமும் ஒன்றாக இருந்தன. இரண்டும் ஐந்து கட்டைச் சுருதி. எண்ணிப் பார்த்தேன்: ஆறு கம்பியில் பஞ்சமம் மூன்று, ஷட்ஜம் இரண்டு, காந்தாரம் ஒன்று. வேறு சுரமே இல்லை.

அவள் பார்வையில் இருந்தது சங்கீத ரசனை அல்ல. வெள்ளிக்கிழமை பஜனை. எங்கள் கூடத்தில் அதைப் பல வருடமாக நடத்தி வந்தவள் அவள். ஆர்மோனியம் வாசித்த அம்மாள் மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். கரண்ட்டில் ஓடும் சுருதிப் பெட்டி ஒன்று வாங்கினோம். பஜனை ஆரம்பித்தால் கரண்ட் போய்விடும். சுருதி இல்லாமல் பதினொரு பெண்கள் பாடினால் பதினொரு ஷட்ஜம் இருக்கும். அந்த நேரம் பார்த்து, வேங்கிக்காலில் புது வீடு கட்டிய அம்மாள், பஜனையைத் தன் வீட்டுக்கு மாற்றிவிடலாம் என்றார். அங்கே டைல்ஸ் தரை, இன்வெர்ட்டர், தலைக்கு ஒரு நாற்காலி. இந்த வெள்ளி மட்டும் பார்ப்போம் என்று மற்றவர்கள் தயங்கினார்கள். என் மனைவி சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். ஆனால் அந்த வாரம் மூன்று முறை சாம்பாரில் உப்பு இல்லை.

ஒத்திகை பார்த்தோம். சங்கராபரணம், மோகனம், கல்யாணி. கிடார் அவள் குரலுக்குக் கீழே ஜமக்காளம் விரித்த மாதிரி இருந்தது. கடைசிப் பாட்டையும் பார்த்துவிடலாமே என்றேன்.

“கற்பூரப் பாட்டுக்கு என்னாத்துக்குங்க ஒத்திகை? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் பாடுவேன்.”

வெள்ளிக்கிழமை கரண்ட் சொன்னபடி போனது. குத்துவிளக்கு வெளிச்சத்தில் பதினொரு பேரும் உட்கார்ந்தார்கள். வெள்ளைக்காரர் மாடிப்படியில் நான்காவது படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். முதல் மூன்று பாட்டும் பழுதில்லை. வேங்கிக்கால் அம்மாள் மட்டும் விசிறியால் வேகமாக வீசிக்கொண்டிருந்தார்.

பிறகு கற்பூரப் பாட்டு. தோடியில் அம்மன் மேல் ஒரு பாட்டு. அதைப் பாடாமல் எங்கள் வீட்டில் தீபாராதனை கிடையாது. எத்தனையோ வெள்ளிகள் பக்கத்து அறையிலிருந்து கேட்டிருக்கிறேன். கேட்ட வெள்ளிகளை எண்ணியவன் சுரத்தை எண்ணவில்லை. காந்தாரத்தில் சின்னது, பெரியது என்று இரண்டு உண்டு; தோடிக்குச் சின்னக் காந்தாரம். என் கம்பியில் இருந்தது, முதல் மூன்று ராகங்களுக்கும் பொருந்திய பெரிய காந்தாரம். அவள் குரல் இறங்கி அழுதது. என் கம்பி கல்யாண வீட்டில் சிரித்தது. பத்துத் தலைகள் என் பக்கம் திரும்பின. விசிறி நின்றது.

“சார், கரண்ட் இல்லன்னாலும் ஷாக் அடிக்குதே,” என்றார் வேங்கிக்கால் அம்மாள், மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கிறபடி.

மனைவி என்னைப் பார்க்கவில்லை. பாட்டை நிறுத்தவும் இல்லை. அடுத்த அடிக்குப் போகாமல் பல்லவியையே திரும்பப் பாடினாள். எனக்கு அவகாசம் கொடுக்கிறாள் என்று புரிந்தது. சாவியைத் திருகினால் கம்பி ஊளையிடும். அந்த ஒரு கம்பியை விட்டுவிட்டுத் தட்ட எனக்குத் தெரியாது. என் கட்டைவிரல் ஒரு முறை சரிந்தால் ஆறையும் தொட்டுத்தான் நிற்கும். வாசிப்பதையே நிறுத்தினால் பஜனை வேங்கிக்காலுக்குப் போய்விடும்.

இடது கையைக் கிடாரின் கழுத்தில் வைத்தேன். மற்ற விரல்கள் பதற்றத்தில் மடங்கிக்கொண்டன. மோதிர விரல் மட்டும் குச்சி போல நீண்டு, கீழிருந்து இரண்டாவது கம்பியின் மேல் படுத்தது. அதுதான் காந்தாரக் கம்பி. அழுத்தத் தெரியாத விரல், சும்மா படுத்துக் கிடந்தது. காந்தாரம் வாயை மூடிக்கொண்டது. தடவினேன். பஞ்சமம் மூன்றும் ஷட்ஜம் இரண்டும் மட்டும் கேட்டன. தம்புரா மாதிரியே கேட்டன. அவள் சரணத்துக்குப் போனாள். அன்றைக்கு அவள் பாடிய தோடியை நான் கொஞ்சம் கேட்டேன். மீதி நேரம் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கற்பூரம் காட்டியானதும் சுண்டல் கொடுத்தாள். வேங்கிக்கால் அம்மாள் இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டு, டைல்ஸ் தரை ஜில்லென்று இருப்பதால் முட்டி வலி ஜாஸ்தியாகிறது, இங்கேயே இருக்கட்டும் என்றார். நாற்காலிகளைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வெள்ளைக்காரர் இறங்கி வந்து என் விரலைப் பிடித்துப் பார்த்தார். இப்படி ஒரு சுருதியைத் தான் கேட்டதே இல்லை, பெயர் என்ன என்று கேட்டார். முயற்சி என்றேன்.

எல்லோரும் போன பிறகு மனைவி பாத்திரங்களை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

“ஏங்க, வேலூருக்குப் போயி அந்த வெரல சரி பண்ணிக்கணும்னு சொல்லிட்டே இருந்தீங்களே?”

ஆமாம் என்றேன். இப்போதாவது கேட்டாளே என்று இருந்தது.

“அது அப்படியே இருக்கட்டுங்க. தோடிக்கு வேணும்.”